ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் சிலிங்குக்குச் சாயம் பூசுதல்: ஜெலுத்தோங் வீட்டு வேலைப் பதிவு

பினாங்கு, ஜெலுத்தோங்கில் பெரியம்மா குடியிருக்கும் இரட்டை மாடித் தொடர்வீட்டின் மேல்மாடிச் சிலிங்கில் சரிசெய்ய வேண்டிய இடங்கள் மூன்று இருந்தன. கூரைக்கும் சிலிங்குக்கும் இடையில் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி நீர் வழிந்து இறங்கியதால், நடுக்கூடத்தில் ஓரம் பழுப்பேறிய பெரிய கறை ஒன்று படிந்திருந்தது. முன்னறையில் இரண்டு பலகைகள் சேரும் இணைப்பு நெடுக மயிரிழை விரிசல் ஓடியது. பூசை மேடை இருக்கும் சிறிய அறையில், பழைய நான்கடிக் குழல் விளக்கைக் கழற்றிவிட்டு வட்ட எல்இடி விளக்கு மாட்டியிருந்தார்கள். பழைய விளக்கின் சட்டம் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று நீண்ட பட்டையாகத் தெரிந்தது. நடுவே திருகாணித் துளைகள் வேறு.

பார்க்க வந்த குத்தகையாளர் மேல்மாடி முழுமைக்கும் இரண்டு பூச்சு என்று விலை சொன்னார். சிலிங்கில் துண்டு துண்டாகச் சாயம் பூசினால் துண்டு துண்டாகவே தெரியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. ஆகவே அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெரியம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “மூணு இடம் கெட்டுப்போனதுக்கு மாடியையே காலி பண்ணணுமா தம்பி?” என்று கேட்டார். அலமாரிகளையும் கட்டில்களையும் நகர்த்தும் வேலையை நினைத்துப் பார்த்தபோது எனக்கும் அது அதிகமாகவே பட்டது. நானே செய்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டு, சாய டின்னைத் திறப்பதற்கு முன்பாகவே ஒரு கேள்விக்கு விடை காண முயன்றேன்: ஒவ்வோர் இடத்திலும் புதுச் சாயம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும்? வேலை முழுவதையும் வழிநடத்தியது இந்தக் கேள்விதான். நிறம் பொருந்துவது இதற்கு அடுத்தபடியான கவலையே.

சுவரில் போட்ட ஒட்டு மறைந்துவிடும். சிலிங்கில் போட்டது மறையாது. சுவரில் படங்கள் மாட்டுகிறோம், அலமாரி வைக்கிறோம், திரை தொங்கவிடுகிறோம். சிலிங் வெறுமையாகக் கிடக்கிறது. அதன்மேல் விழும் வெளிச்சமும் நேராக விழுவதில்லை. சன்னலிலிருந்து புறப்பட்டுப் பரப்பை ஒட்டி உரசிக்கொண்டு செல்கிறது. அரை மில்லிமீட்டர் மேடுகூட அந்த வெளிச்சத்தில் நிழல் தருகிறது. நாம் பார்க்கும் கோணமும் அப்படித்தான். பத்தடி உயரச் சிலிங்கை, ஐந்தடி உயரத்தில் கண்ணிருக்க, இருபதடி தள்ளி நின்று பார்த்தால் நம் பார்வை செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 76 பாகை சாய்ந்திருக்கிறது. சாயத்தின் மினுமினுப்பு அத்தகைய சாய்ந்த கோணத்தில்தான் மிகுதியாகத் தெரியும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13300, மேட் (மங்கலான, பளபளப்பற்ற) வகைச் சாயங்களின் மினுமினுப்பை 85 பாகையில் வைத்து அளக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். அந்தக் கோணத்தில் 10 அலகுக்குக் கீழே இருந்தால் மேட், 5 அலகுக்குக் கீழே இருந்தால் முழு மேட். நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்து “நன்றாகப் பொருந்திவிட்டது” என்று மகிழ்ந்தவர், கூடத்தின் கடைசியில் உள்ள நாற்காலியில் அமர்ந்தவுடன் ஒட்டு முழுவதையும் பார்த்துவிடுவார்.

ஒரே டின்னிலிருந்து எடுத்த ஒரே சாயம்கூட இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் காய்ந்து நிற்கக்கூடும். புட்டி (துளையையும் விரிசலையும் நிரப்பும் பசை) பூசிய இடம் சாயத்தில் உள்ள நீரை வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் அங்கே சாயம் மங்கலாகிறது. பழைய சாயத்தின் மேல் பூசியது அவ்வளவு உறிஞ்சப்படாமல் சற்றே மினுமினுக்கிறது. பிரஷ்ஷால் பூசிய பரப்பில் கோடுகளும் ரோலரால் உருட்டிய பரப்பில் பொடிப்பொடியான மேடுகளும் இருப்பதால் அவை வெளிச்சத்தை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கின்றன. இவற்றோடு பழைய சாயத்தின் வயதும் சேர்கிறது. புகையும் தூசியும் ஏறிய வெள்ளை அது. இவ்வளவு வேறுபாடுகளில் நிறத்தை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் தெரிகின்றன என்பது என் கருத்து.

எனவே முதல் வேலையாகத் திரைகளைத் திறந்து, காலை வெயில் முன்னறைக்குள் வரும் நேரத்தில் மூன்று அறைகளையும் பார்த்தேன். வீட்டின் முகப்பு கிழக்கு நோக்கியது. மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சிலிங்கோடு ஒட்டிப் பிடித்து அதன் வெளிச்சத்தைப் பரப்பின்மேல் ஓடவிட்டேன். பகலில் கண்ணுக்குப் படாத பழைய மேடுகளும், எப்போதோ யாரோ நிரப்பிய ஆணித் துளைகளும் அப்போது வெளிப்பட்டன. ஏற்கெனவே மேடுபள்ளமாக இருக்கும் சிலிங்கில் கண்ணாடிபோல் வழவழப்பான ஒட்டு ஒன்றைப் போடுவது வீண்; சுற்றுப்புறம் எப்படியோ அப்படியே ஒட்டும் இருந்தாக வேண்டும்.

பூசை அறையை எளிதாகத் தீர்மானித்தேன். அந்த வெள்ளைப் பட்டையை மட்டும் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றும். ஆனால் பட்டையின் ஒரு முனை பூசை மேடைக்கு மேலேயும் மறுமுனை கதவருகிலும் இருந்தது. மேடைக்கு மேலே கற்பூரமும் நெய்விளக்கும் சாம்பிராணியும் ஏற்றிய பழுப்பு அடர்த்தியாகவும், கதவை நோக்கி வரவர வெளிறியும் இருந்ததால், ஒரு முனைக்குப் பொருந்தும் நிறம் மறுமுனைக்குப் பொருந்தாது. அறையும் பத்தடிக்கு எட்டடிதான். 80 சதுர அடி என்பது ஏழரைச் சதுர மீட்டருக்கும் குறைவு; ஒரு லிட்டர் எமல்ஷன் (நீரில் கலக்கும் சாயம்) ஒரு பூச்சுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும் என்பதால் இரண்டு பூச்சுக்கு ஒன்றரை லிட்டர் போதும். இத்தகைய அறையில் பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட முழுவதையும் பூசுவது குறைந்த வேலை. நான்கு பக்கமும் கார்னிஸ் (சுவரும் சிலிங்கும் சேரும் இடத்துப் பட்டி) எல்லையாக நிற்பதால் புதுச் சாயம் முடியும் கோடும் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் அங்கே கவனிக்க வேண்டியிருந்தது. விளக்குப் புகையில் எண்ணெய்ப் பசை உண்டு. அதன்மேல் எமல்ஷன் சரியாகப் பிடிக்காது, மஞ்சளும் மேலெழும்பி வரும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் இட்ட வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து மெதுவாகத் துடைத்து, நல்ல நீரால் இன்னொரு முறை துடைத்து, காயவிட்டேன். மேடைக்கு நேர் மேலே கழுவிய பின்னும் நீங்காத பழுப்பின்மேல் டர்பன்டைனில் கரையும் அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒரு பூச்சு. திருகாணித் துளைகளைப் புட்டியால் நிரப்பித் தேய்த்து, பிறகு முழுச் சிலிங்குக்கும் இரண்டு பூச்சு வெள்ளை எமல்ஷன். பட்டை மறைந்தது. இந்த அறையைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

நடுக்கூடத்துக் கறைக்கு வேறு அணுகுமுறை தேவைப்பட்டது. தண்ணீர் வருவது நிற்காத வரை அந்தக் கறையைத் தொடுவதில் பொருளில்லை. பிளம்பர் வந்து வால்வை மாற்றிய பிறகும் அவசரப்படவில்லை. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும் காலம்; கசிவு தொட்டியிலிருந்து மட்டும் வந்ததா, கூரை ஓட்டிலிருந்தும் வந்ததா என்பதைப் பெருமழை ஒன்று பெய்தால்தான் உறுதிசெய்ய முடியும். அப்படி ஒரு மழைக்குப் பின் கூரைக்குள் ஏறிப் பார்த்து, பலகையின் மேற்புறம் காய்ந்திருப்பதைக் கண்ட பிறகே கீழே வேலையைத் தொடங்கினேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில் பலகை உறுதியாகவே இருந்தது. நீரில் ஊறித் தொய்ந்தோ, மாவாக உதிரும் அளவுக்கோ போயிருந்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பலகை வைத்திருக்க வேண்டும். சாயம் அதற்கு மருந்தாகாது. ஈரம் முற்றிலும் போய்விட்டதா என்று அறிய, தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கறையின்மேல் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரவு முழுவதும் விட்டேன். உட்புறம் நீர் முத்துகள் பூத்திருந்தால் பலகை இன்னும் காயவில்லை என்று பொருள். இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இச்சோதனையைத் தவிர்ப்பது நல்லதல்ல. சாயம் பூசுவதற்கு ஏற்ற நிலை என்று தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள்ளும், பரப்பின் வெப்பநிலை பனிபடு நிலையைவிடக் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பதாகும். மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் இந்த வரம்பு இங்கே எளிதில் மீறப்பட்டுவிடும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகே பூசினேன்.

கறையின் ஓரத்தில் சாயம் கொப்பளித்திருந்தது. தட்டினால் விழக்கூடியதையெல்லாம் தகட்டுக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஓரிடத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை தென்பட்டதால், வெளுப்பு நீர் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து துடைத்து, சற்று நேரம் விட்டு, நல்ல நீரால் துடைத்தேன். இந்த வெளுப்பு நீரோடு கழிவறை கழுவும் அமிலத் திரவத்தையோ அம்மோனியா கலந்த எதையுமோ சேர்த்துவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

கறையின்மேல் நேராக எமல்ஷன் பூசியவர்களின் வீட்டில், ஓரிரு நாளில் அதே பழுப்பு வளையம் மீண்டும் எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கலாம். சாயம் மட்டமானது என்று அப்போது பழி போடுவார்கள். தவறு சாயத்தின் மீதில்லை. கூரைத் தூசி, மரத்தின் சாறு, இரும்புத் துரு ஆகியவற்றிலிருந்து வந்து படிந்த அந்தப் பழுப்பு நீரில் கரையக்கூடியது. எமல்ஷனும் நீரில் ஆனது. ஒவ்வொரு பூச்சும் கறையைக் கரைத்துத் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. ஐந்து பூச்சு பூசினாலும் ஐந்து முறை வரும். நீரில்லாத ஒரு படலம் இடையில் வேண்டும்: டர்பன்டைனில் கரையும் அண்டர்கோட், அல்லது ஸ்பிரிட்டில் கரையும் அரக்குச் சீலர். நான் முன்னதைப் பயன்படுத்தினேன். அதன் வாடை கடுமையானது. அன்று பெரியம்மாவை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சன்னல்களைத் திறந்து, முகமூடி அணிந்து பூசினேன். கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் அகலம் வரை பூசி ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் கறை மிக அடர்த்தியாக இருந்த இடத்தில் கையளவு எமல்ஷன் தடவிக் காத்திருந்ததில் பழுப்பு வரவில்லை. இந்தச் சிறு சோதனை செய்தால் முழுப் பரப்பையும் பூசிவிட்டு வருந்த வேண்டியிராது.

அண்டர்கோட் கறையை அடைக்கும். ஆனால் தானே ஒரு புதிய ஒட்டாகவும் மாறிவிடும். அது வழவழப்பானது, நீரை உறிஞ்சாதது. அதன்மேல் விழும் எமல்ஷன் மெதுவாகக் காய்ந்து சற்று மினுங்கும். சுற்றியுள்ள பழைய சிலிங்கின்மேல் விழுந்தது வேகமாகக் காய்ந்து மங்கும். அண்டர்கோட்டை 240 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து அதன் வழவழப்பைக் குறைத்தேன். ஆயினும் அந்த அகலமான வட்டத்தை இவ்வளவு பெரிய கூடத்தின் நடுவில் மறைத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. நல்லவேளையாக இந்தக் கூடத்துச் சிலிங்கின் ஓரங்களில் பெட்டி வடிவத்தில் தாழ்ந்த விளிம்பு கட்டி, நடுப்பகுதியை உயர்த்தி அமைத்திருக்கிறார்கள். உயர்ந்த அந்தச் செவ்வகம் நான்கு பக்கமும் ஒரு படியோடு முடிகிறது. படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சம் எப்படியும் வேறாகத்தான் விழும். இரண்டு வெள்ளைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளவே போவதில்லை. ஆகவே உயர்ந்த செவ்வகம் முழுவதையும் பூசுவது, தாழ்ந்த விளிம்பைத் தொடாமல் விடுவது என்று முடிவாயிற்று. முழுக் கூடத்துக்கு வேண்டியதில் பாதிச் சாயமே பிடித்தது. நாற்காலிகளை ஓரத்துக்குத் தள்ளியதோடு சரி, எதையும் வெளியேற்றவில்லை.

உருட்டும் முறையைப் பற்றி, இதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும், சாய வேலையில் பழுத்த அண்ணன் ஒருவர் சொன்னதைக் குறித்துவைப்பது நல்லது. “கடைசிப் பூச்சை வெளிச்சம் வர்ற பக்கம் பார்த்து உருட்டு தம்பி, குறுக்கே உருட்டாதே” என்றார். முதல் பூச்சைச் சன்னலுக்கு இணையாகக் குறுக்கிலும், இரண்டாம் பூச்சைச் சன்னலிலிருந்து உள்நோக்கியும் உருட்டினால், ரோலரின் விளிம்பு விட்டுச்செல்லும் மெல்லிய வரப்புகள் வெளிச்சத்தின் திசையிலேயே ஓடுகின்றன, நிழல் தருவதில்லை. ஈர விளிம்பு காயாமல் பார்த்துக்கொள்வதும் இதே அளவு முக்கியம். நம் வெப்பத்தில் எமல்ஷன் அரை மணி நேரத்திற்குள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடுகிறது. மின்விசிறியைச் சுழலவிட்டால் இன்னும் வேகம். பாதி காய்ந்த விளிம்பின்மேல் மறுபடி உருட்டினால் அந்த இடம் இரட்டைப் படலமாகிப் பட்டையாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்தி, அதன் இணைப்பை மெயினிலேயே துண்டித்து, ஒன்பது அங்குல ரோலரால் மூன்றடி அகலப் பட்டைகளாக, நடுவில் ஓய்வெடுக்காமல் மறுமுனை வரை சென்றேன். ஓரங்களைப் பிரஷ்ஷால் முன்கூட்டியே நான்கு பக்கமும் வரைந்துவிட்டுப் பிறகு உருட்ட வருவது வசதியாகத் தோன்றும். ஆனால் அந்த வரைவு காய்ந்துபோய்ச் சட்டமாக நின்றுவிடும் என்பதால், உருட்டப்போகும் பட்டைக்கு மட்டும் ஓரம் வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே உருட்டினேன்.

உண்மையான ஒட்டு வேலை முன்னறையில்தான். அங்கே இயற்கையான எல்லை எதுவும் இல்லை. விரிசல் கிழக்குச் சன்னலிலிருந்து உள்ளே மேற்கு நோக்கி, பக்கச் சுவரின் கார்னிஸிலிருந்து இரண்டடி தள்ளி, சுவருக்கு இணையாக ஓடியது. மேற்புறம் இருக்கும் மரச்சட்டங்கள் கூரைச் சூட்டில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பலகைகளை அசைப்பதால் இணைப்பில் இவ்வாறு விரிசல் விடுவது வழக்கம். புட்டியை மட்டும் அதில் திணித்தால் சில மாதங்களில் அதே கோட்டில் மீண்டும் பிளக்கும். விரிசலைக் கத்திமுனையால் சற்று அகலப்படுத்தி, அசையும் பலகையைச் சட்டத்தோடு புதுத் திருகாணிகளால் இறுக்கி, இணைப்புப் புட்டியை மெல்லிதாகத் தடவி, காகித டேப்பை அதில் அமிழ்த்தி ஒட்டினேன். வலை டேப் ஒட்டுவது எளிது. ஆனால் அதற்குத் தானே இறுகும் வகைப் புட்டி வேண்டும். காற்றில் காயும் சாதாரணப் புட்டிக்குக் காகித டேப்பே உறுதி.

டேப்பின்மேல் மூன்று மெல்லிய பூச்சுகள் இட்டேன். நான்கு அங்குலத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கத்தியை அகலமாக்கி, கடைசியில் ஓரடி அகலம் வரை இழுத்தேன். இதில் கஞ்சத்தனம் கூடாது. டேப்பின் தடிமனை நாலு அங்குலத்துக்குள் இறக்கினால் மேடு தெரியும். ஓரடிக்குப் பரப்பினால் கைவிளக்கை ஒட்டிப் பிடித்தாலும் தெரியாது. 180 எண்ணில் தொடங்கி 240 எண்ணில் முடித்துத் தேய்த்த பின், ஈரத் துணியால் தூசியை முழுவதும் துடைத்தெடுத்தேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வீட்டின் முன்பகுதிச் சிலிங்கைப் பின்னாளில் ஜிப்சம் பலகையால் மாற்றியிருக்கிறார்கள். பின்கட்டுச் சமையலறையில் மட்டும் கட்டியபோது போட்ட சிமெண்டுத் தகடுகள் மரச்சட்டங்களுக்கு இடையே அப்படியே இருக்கின்றன. 1970களிலும் 80களிலும் எழுந்த தாமான் வீடுகளில் இத்தகைய தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழைக் கனிமம்) கலந்திருக்க வாய்ப்புண்டு. கல்நாரைக் கையாளும் தொழில்களுக்கு 1986ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் தனி விதிமுறைகள் வந்துவிட்டன. உடையாமல், சாயம் பூசிய நிலையில் இருக்கும் தகடு பெரும் தொல்லை தருவதில்லை. அதைத் தேய்ப்பதும் துளையிடுவதும் உடைப்பதும்தான் இழைகளைக் காற்றில் பரப்பும். ஆகவே சமையலறைச் சிலிங்கில் உப்புத்தாளைக் கொண்டுபோகவே இல்லை. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் சிலிங் என்ன பலகை என்று உறுதியாகத் தெரியாத வரை தேய்க்காமல் இருப்பதே நல்லது.

முன்னறைக்குத் திரும்புகிறேன். புட்டிப் பரப்புக்கு நீரில் கரையும் வால் சீலர் ஒரு பூச்சு கொடுத்து உறிஞ்சும் தன்மையைச் சுற்றுப்புறத்துக்குச் சமமாக்கினேன். அடுத்தது பரப்பின் பொடிமேடு. பழைய சிலிங்கில் பல முறை ரோலர் ஓடி ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு ஏறியிருந்தது, புட்டியோ வழவழ. நீர் கலக்காத கெட்டிச் சாயத்தைப் பழைய சிலிங்கில் தெரிந்த அளவுக்கு ஏற்ற பத்து மில்லிமீட்டர் முடியுள்ள நாலு அங்குலச் சிறு ரோலரில் எடுத்து, புட்டியின்மேல் மட்டும் அழுத்தாமல் உருட்டி அந்தச் சொரசொரப்பை வரவழைத்தேன். ஸ்பாஞ்சு ரோலர் இதற்குப் பயன்படாது. அது விடும் காற்றுக்குமிழ்கள் வேறு வகையான புள்ளிகளாகக் காயும்.

நிறத்துக்கு வருவோம். ஸ்டோர் அறையில் பழைய சாய டின் ஒன்றில் கால்பங்கு மீதமிருந்தது. புளித்த வாடை அடிக்கும் எமல்ஷன் கெட்டுப்போனது. அதைப் பூசவே கூடாது. இது அப்படி இல்லை. ஏடு படிந்திருந்ததை நீக்கி, கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டிப் பார்த்ததில் நன்றாகவே இருந்தது. ஆனால் டின்னுக்குள் இருந்த வெள்ளை, பூசிய நாளின் வெள்ளை. சிலிங்கில் இருப்பதோ அதற்குப் பிந்திய ஆண்டுகளின் வெள்ளை. அதே டின் என்பதற்காக நிறம் பொருந்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கார்னிஸை ஒட்டிய ஓரத்திலிருந்து ஐம்பது சென் நாணய அளவுக்குச் சாயத் துண்டு ஒன்றைப் பெயர்த்து, ஈரத் துணியால் துடைத்து, சாயக் கடைக்கு எடுத்துச் சென்று கருவியில் வைத்து நிறம் பார்க்கச் செய்யலாம். ஒரு லிட்டர் கலந்து தருவார்கள். நான் பழைய சாயத்தையே எடுத்துக்கொண்டு, சிறு குப்பிகளில் விற்கும் நிறச் சாறுகளில் மஞ்சள் ஆக்சைடும் கறுப்பும் வாங்கி, குச்சி முனையால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். முதுமையடைந்த வெள்ளையில் மஞ்சளும் கருமையும் சேர்ந்தே இருக்கும். மஞ்சளை மட்டும் கூட்டினால் பாலாடை நிறமாகிவிடும்.

ஒவ்வொரு கலவையையும் அட்டைத் துண்டில் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே சிலிங்கோடு வைத்துப் பார்த்தேன். ஈரச் சாயத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த சிலிங் வெள்ளையில் டைட்டானியம் டையாக்சைடு குறைவு, சுண்ணாம்புக்கல் தூள் மிகுதி. சுண்ணாம்புக்கல்லின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, நீர் 1.33, சாயத்தின் பிசின் 1.5. இவை ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் ஈரத்தில் தூள் ஒளியைச் சிதறடிக்காமல் பாதி ஒளிபுகும் நிலையில் இருக்கிறது. நீர் ஆவியாகி அதன் இடத்தைக் காற்று பிடித்ததும், காற்றின் எண் 1 என்பதால், சிதறல் பெருகி வெண்மை கூடுகிறது. பூசும்போது அடியில் இருப்பது தெரிகிறதே என்று பயந்து மேலும் மேலும் பூசுபவர்கள் இதை நினைவில் கொண்டால் போதும். பூசி முடித்தவுடன் பொருந்துவதாகத் தோன்றும் ஒட்டு, காய்ந்ததும் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

பூசும் எல்லையை இப்படி வைத்துக்கொண்டேன். விரிசலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இரண்டடி அகலத்தை முழுவதும் பூசிக் கார்னிஸ் வரை கொண்டுபோனேன். சுவர்ப்பக்கத்து விளிம்பும், சன்னல்ப்பக்கத்து விளிம்பும், உட்கோடியின் விளிம்பும் கார்னிஸுக்குள் ஒளிந்துகொண்டன. அறையின் நடுப்பகுதியை நோக்கிய ஒரே ஒரு விளிம்புதான் மறைக்க வேண்டியதாக மிஞ்சியது. அதுவும் சன்னலிலிருந்து உள்ளே ஓடுவது, அதாவது வெளிச்சத்தின் திசையிலேயே செல்வது என்பது நமக்குச் சாதகம். விரிசல் குறுக்கே ஓடியிருந்தால் இந்த அறையையும் முழுவதும் பூசத்தான் வேண்டியிருக்கும்.

முதல் பூச்சைப் புட்டிப் பரப்போடு நிறுத்தினேன். இரண்டாவதற்குச் சாயத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் கலந்து, புட்டியைத் தாண்டி ஓரடி கூடுதலாகச் சென்றேன். விளிம்புக்கு வரும்போது ரோலரில் சாயம் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். வெளிநோக்கி உருட்டிக்கொண்டே, நிறுத்தாமல், கையை மெல்லத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வோர் உருட்டலும் வெவ்வேறு தூரத்தில் முடியுமாறு விட்டேன். நேர்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும். தாறுமாறான, படிப்படியாக மெலியும் விளிம்பைப் பிடிக்காது. டேப் ஒட்டி நேராக வெட்டி நிறுத்துவது சுவரில் இரண்டு நிறங்கள் சேரும் இடத்துக்குச் சரி, சிலிங் ஒட்டுக்கு ஆகாது. ஏதாவது குறை தென்பட்டால் உடனே திரும்பிப்போய்த் தேய்க்கவும் கூடாது. மேட் சாயத்தைத் துணியாலோ கையாலோ தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பேறும். நிறம் சரியாக இருந்தும் தெரியும் ஒட்டுகளில் பல இப்படி உண்டானவையே.

இரண்டு நாள் முழுவதும் காய்ந்த பிறகு மூன்று அறைகளையும் மீண்டும் வெளிச்சத்தில் பார்த்தேன். பூசை அறையிலும் கூடத்திலும் சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தின் தாழ்ந்த விளிம்பு நடுப்பகுதியைவிட இம்மியளவு பழுப்பாக இருப்பதை, நான் சொன்ன பிறகும் பெரியம்மா கண்டுபிடிக்கவில்லை. முன்னறையில் நண்பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் ஒட்டு தெரியவில்லை. காலை வெயில் நேராக உள்ளே வரும் சிறிது நேரம் மட்டும், அறையின் கோடியில் கதவருகே நின்று, எங்கே என்று தெரிந்துகொண்டு பார்த்தால் மெல்லிய நிற மாற்றம் ஒன்று தென்படுகிறது. மெல்லிய திரை ஒன்று போட்டால் அதுவும் இல்லை. முழு அறையையும் பூசாமல் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பது பேராசை என்று நினைக்கிறேன்.

மிஞ்சிய கலவையைக் காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியில் ஊற்றி, எந்த அறை, எந்த ரோலர், எவ்வளவு நீர் கலந்தது என்பதைத் தாளில் எழுதி ஒட்டி ஸ்டோர் அறையில் வைத்திருக்கிறேன். அதே பலகை வரிசையில் அடுத்த இணைப்பும் சற்றே அசைகிறது. மழைக்காலம் முடிந்து கூரை நன்றாகக் காய்ந்த பிறகு அதையும் திருகாணியால் இறுக்க வேண்டும். அந்த இணைப்பு அறையின் நடுவில் ஓடுகிறது, ஒளித்துவைக்கக் கார்னிஸ் அருகில் இல்லை. அதில் விரிசல் விட்டால் முன்னறைச் சிலிங் முழுவதையும் பூசுவதாக உத்தேசம்.